காடாறு மாதம், நாடாறு மாதம்: மிகுபுனைவுச் சாகசக் கதைமரபும் இணைய இதழ்ப் பக்க அமைப்பும்

முன்னுரை

உரைக்குப் பக்க வடிவம் தருவது பதிப்பாசிரியர் பணியா, அச்சுக்கோப்பவர் பணியா என்னும் வினா தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது தொடங்கி உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் முகவுரை, அடிக்குறிப்பு, அரும்பத அகராதி எனப் பக்கங்களை வகுத்தமைத்த முறை, பக்கத்தை ஒழுங்குசெய்வதும் ஒருவகையில் உரைகாணும் செயலே என்பதை உணர்த்தும். இன்று அச்சுப் பக்கம் வகித்த இடத்தை இணையப் பக்கம் பெரிதும் பெற்றுவிட்டது. ஆயினும் அதன் அமைப்பைக் கணினி வல்லுநரிடம் முற்றாக ஒப்படைத்துவிட்டு, அதில் ஏற்றப்படும் உரையைப் பற்றி மட்டுமே பேசும் போக்கு தமிழாய்வில் மிகுந்துள்ளது.

இணைய இதழ்கள், சிறுவர் பக்கங்கள், மின்பதிப்புகள் ஆகியவற்றை வடிவமைப்போர் மாயாஜாலச் சாகசக் கதைகளின் சூழலைத் தம் பக்கங்களுக்கு அடிக்கருத்தாகக் கொள்வதுண்டு. பழுப்பேறிய சுவடி, கோட்டைக் கதவு, குகை, புதையல் வரைபடம், மந்திரவாதி ஆகியன பக்கத்தின் உருவங்களாகின்றன. இவ்வழக்கம் எவ்விடத்து உரைக்குத் துணைசெய்கிறது, எவ்விடத்து ஊறுசெய்கிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பக்க அமைப்பாளர் மிகுபுனைவிலிருந்து கொள்ளத்தக்கது அதன் கோலத்தைவிட அதன் வழிநடை ஒழுங்கே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மாயாஜாலக் கதை என மக்கள் வழங்குவதே இங்கு மிகுபுனைவு எனப்படுகிறது.

மிகுபுனைவும் வழிநடையும்

தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, உலகில் நிகழாப் பொருளைக் கூறும் பொய்ம்மொழியையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. அதற்கு உரைவகுத்த பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இடத்திற்குச் சென்று இன்னது செய்தன என்பது போன்று வழிவழியாகக் கற்றுச் சொல்லப்படும் கதைகளைச் சுட்டுகிறார். இவ்விளக்கத்தில் இரு கூறுகள் உள்ளன. யானையும் குருவியும் நட்பாடுவது வியப்புக்குரிய பொருள். அவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வது கதையின் நடை. கேட்போரை ஈர்ப்பது முன்னதாயினும் கதையை நடத்திச் செல்வது பின்னதே.

இந்த நடையில் நான்கு உறுப்புகளைக் காணலாம். அவை எல்லை, தடை, தேர்வு, மீட்சி என்பன. இளவரசன் அறிந்த நிலத்தின் எல்லையைக் கடக்கிறான். மூன்று திசையில் செல்லலாம், நான்காம் திசையில் செல்லலாகாது என்னும் தடையைப் பெறுகிறான். பிரியும் வழிகளுள் ஒன்றைத் தேர்கிறான். பெற்ற பொருளோடு மீள்கிறான். இணையப் பக்கத்தில் வாசகர் செய்வதும் இதனின் பெரிதும் வேறன்று. முகப்புப் பக்கத்தை விட்டு நீங்குகிறார், சில இடங்களில் தடுக்கப்படுகிறார், இணைப்புகளுள் ஒன்றைத் தேர்கிறார், மீள விரும்புகிறார். இந்நான்கனுள் மீட்சியே பெரும்பான்மையான பக்கங்களில் நலிந்து காணப்படும் உறுப்பு எனலாம்.

பெரிய எழுத்து மரபு

மாயாஜாலக் கதைக்கும் பக்க அமைப்புக்கும் உள்ள உறவைத் தமிழ் அச்சுமரபு நன்கறியும். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை முதலியன சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்பனையானபோது 'பெரிய எழுத்து' என்னும் அடையோடே வழங்கின. எழுத்தின் அளவே நூலின் பெயரில் ஏறி நின்றது. அரிச்சுவடி கற்று நின்றவரும், மங்கிய விளக்கொளியில் பலர் கேட்க உரத்துப் படிப்பவரும் எளிதில் எழுத்தைப் பின்தொடர அவ்வடிவம் உதவியது. இடையிடையே வைக்கப்பட்ட சித்திரக் கட்டைப் படங்கள் படிப்பவர் நிறுத்தி மூச்சுவிடும் இடங்களாகவும் அமைந்தன.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நூல்களில் மாயம் முழுவதும் சொல்லில் இருந்தது. பக்கம் தெளிவாக இருந்தது. வேதாளத்தைப் பற்றிய கதை என்பதனால் எழுத்து வேதாளம்போல் நெளியவில்லை. தமிழ் மரபில் சொல்லின் வடிவமே படிக்கும் வழியை நிர்ணயிக்கும் சித்திரகவியும் உண்டு. பாம்பு வடிவக் கட்டங்களுள் எழுத்துகளை அமைக்கும் நாகபந்தம் முதலியவற்றைத் தண்டியலங்காரம் சொல்லணியுள் அடக்கும். அவை புலமை விளையாட்டாக அருகி நின்றன. பெரிய எழுத்துக் கதைகள் பரந்து சென்றன. பரந்த வாசகர்க்கு அமைக்கும் பக்கம் எவ்வழியைக் கொள்ளவேண்டும் என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு சான்று.

பதுமையும் வேதாளமும்

விக்கிரமாதித்தன் கதையின் கட்டமைப்பு பக்க அமைப்பாளர் பயிலத்தக்க ஒன்று. போஜராஜன் கண்டெடுத்த சிம்மாசனத்திற்கு 32 படிகள். படிக்கு ஒரு பதுமை. அரசன் ஏற முயலும்போதெல்லாம் ஒரு பதுமை தடுத்துக் கதை சொல்கிறது. தமிழில் வழங்கும் நூலில் வேதாளம் சொன்ன கதைகளும் பதுமை சொல்லும் கதைக்குள் அடங்குகின்றன. கதைக்குள் கதை, அதற்குள் மற்றொரு கதை என மூன்று அடுக்குகள் சென்றபோதும் கேட்பவர் வழிதவறுவதில்லை. அதற்குரிய காரணம், ஒவ்வோர் அடுக்கிலும் யார் யாருக்குச் சொல்கிறார் என்பது மீண்டும் மீண்டும் நினைவூட்டப்படுவதேயாகும். அரசன் வாய்திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறும். அரசன் மீண்டும் மரத்தடிக்கு வருவான். மக்கள் வழக்கில் இது பழமொழியாகவே நிலைத்துவிட்டது. மீட்சிக்கு மாறாத ஓர் இடம் வேண்டும் என்னும் நெறியைப் பழமொழியாக்கிய மரபு நம்முடையது.

இந்நெறியை இதழ்ப் பக்கத்தில் நிலைநிறுத்தியது அம்புலிமாமா. பி.நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமா எனவும் தமிழில் அம்புலிமாமா எனவும் தொடங்கிய இவ்விதழ் பின்னர் இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்தது. அதில் வேதாளக் கதையின் தொடக்கமும் முடிவும் இதழுக்கு இதழ் மாறாத வாசகங்களால் அமைந்தன. வாளேந்தி, தோளில் பிணம் சுமந்து செல்லும் அரசனைக் காட்டும் சங்கரின் ஓவியம் அப்பகுதிக்கு நிலைத்த அடையாளமாயிற்று. கே.சி.சிவசங்கரன் என்னும் அவ்வோவியர் 2020இல் தம் 97ஆம் வயதில் மறைந்தார். 2021இல் அவர்க்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சமஸ்கிருத மரபில் வேதாளக் கதைகள் 25. அம்புலிமாமா அவ்வெண்ணிக்கையைக் கடந்து, புதிய கதைகளைப் பழைய சட்டகத்துள் பொருத்திப் பல்லாண்டுகள் தொடர்ந்தது. சட்டகம் மாறாமையே புதுக்கதைக்கு இடம் தந்தது என்பது இதனால் பெறப்படும். ஒரே ஓவியம் பல மொழிப் பதிப்புகளிலும் இடம்பெற்றமையால், மொழி வேறாயினும் பக்கத்தின் முகம் ஒன்றாகவே இருந்தது. படத்தைப் பார்த்த அளவிலேயே தான் எங்கிருக்கிறேன் என்பதைச் சிறுவாசகர் அறிந்துகொண்டார். கதை எங்குச் செல்லும் என்பது மட்டுமே அவருக்கு மறைபொருளாயிருந்தது. சாகசத்திற்கு வேண்டிய ஐயத்தைக் கதையும், வாசிப்பிற்கு வேண்டிய உறுதியைப் பக்கமும் பகிர்ந்துகொண்டன எனலாம்.

கணினிக் குகை

மிகுபுனைவுச் சாகசம் திரைக்கு வந்தது இணையப் பக்கம் தோன்றுவதற்கு முன்னரே. அமெரிக்கக் கணினி நிரலரும் குகை ஆய்வில் ஈடுபாடுடையவருமான வில் கிரவுதர், கெண்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியின் ஒரு பகுதியை அடிப்படையாகக் கொண்டு 1970களின் இடைப்பகுதியில் ஒரு விளையாட்டு நிரலை எழுதினார். டான் வுட்ஸ் 1977இல் அதை விரிவாக்கி மாயப் பொருள்களை மிகுவித்தார். கொலோசல் கேவ் அட்வென்சர் என வழங்கிய அதில் படம் எதுவுமில்லை. ஓரிடத்தின் வருணனை திரையில் தோன்றும். ஆடுபவர் ஒன்றிரண்டு சொற்களில் கட்டளையிட்டு அடுத்த இடம் செல்வார்.

படமற்ற அந்நிரல் பக்க அமைப்புக்குத் தரும் பாடங்கள் இரண்டு. முதன்முறை ஓரிடத்தை அடைந்தால் விரிந்த வருணனையும், மீண்டும் வந்தால் சுருங்கிய வருணனையும் தோன்றும். வந்தவர் மீண்டும் வருகிறார் என்பதைப் பக்கம் அறிந்துகொள்கிறது. சென்றுவந்த இணைப்பின் நிறம் நீலத்திலிருந்து ஊதாவாக மாறும்படி தொடக்ககால உலாவிகள் செய்ததும் இதே நோக்கினதே. இரண்டாவது, அக்குகையின் ஒரு பகுதியில் பல அறைகளுக்கும் ஒரே வருணனை வரும். அங்கு வழிகாண, ஆடுபவர் தம் கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டு அடையாளம் செய்துகொள்ள வேண்டும். விளையாட்டில் இச்சிக்கல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இதழ்த் தொகுப்பொன்றில் எல்லாப் பக்கங்களும் ஒரே தலைப்பு, ஒரே படம், ஒரே சட்டகம் கொண்டு, எந்த இதழ், எந்த ஆண்டு, எந்தக் கட்டுரை என்பதைக் காட்டாது நிற்குமாயின், அதை அமைத்தவர் தாம் அறியாமலேயே ஆராய்ச்சியாளரைக் குகைக்குள் விட்டவராகிறார்.

சொல்வழக்கிலும் இவ்வுறவு பதிந்துள்ளது. பயனரைப் படிப்படியாக நடத்திச் செல்லும் துணைநிரல் ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் விசார்டு என்னும் சொல்லால் வழங்குகிறது. 1991இல் வெளிவந்த மைக்ரோசாப்ட் பப்ளிஷர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளிலேயே அப்பெயர் இடம்பெற்றது. மந்திரவாதி அங்குப் படமாக வந்து அச்சுறுத்தாமல் வழிகாட்டியாக நிற்பது கருதத்தக்கது.

வண்ணமும் வரைபடமும்

மிகுபுனைவே பக்கத்தை ஆண்ட நிறைவான சான்றாக ஜெர்மானிய எழுத்தாளர் மிகயேல் எண்டேயின் 'முடிவிலாக் கதை' என்னும் நாவலைக் கூறலாம். 1979இல் வெளிவந்த இதில் பாஸ்டியன் என்னும் சிறுவன் ஒரு நூலைப் படிக்கிறான். படிக்கும் நூலுக்குள் அவனே புகுந்துவிடுகிறான். மனித உலக நிகழ்ச்சிகள் ஒரு வண்ணத்திலும் மாய உலக நிகழ்ச்சிகள் மற்றொரு வண்ணத்திலும் அச்சிடப்பட்டன. நூலின் 26 இயல்களும் ரோமன் நெடுங்கணக்கின் எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டவை. அவ்வெழுத்துகளை ரோஸ்விதா குவாட்ஃபிலீக் சித்திரமாக வரைந்தார்.

இங்கு வண்ணம் அழகுக்காக வந்ததன்று. அடுக்கு மாறுவதைச் சொல்லின்றி உணர்த்தும் இலக்கணக் குறியாக அது செயற்படுகிறது. சிறுவன் நூலினுள் புகும்போது வண்ணத்தின் பொருளும் கூர்மை பெறுகிறது. செலவு கருதி ஒரே வண்ணத்தில் வந்த பதிப்புகள் சாய்வெழுத்தைக் கொண்டு அவ்வேறுபாட்டைக் காத்தன. வடிவம் மாறினும் வடிவத்தின் வேலை மாறலாகாது என்பதற்கு இது தக்க சான்று. இந்நாவலைத் தமிழாக்குவோர் முதலெழுத்து உத்தியை என்செய்வர் என்பதும் சுவையான வினா. மொழிமுதலாகா எழுத்துகள் தமிழில் பல ஆதலின், நெடுங்கணக்கை அவ்வாறே பின்பற்ற இயலாது. மொழிமுதல் எழுத்துகளைக் கொண்டே இயல்களை வகுக்க நேரும். பக்க அமைப்பு மொழியிலக்கணத்தோடு பிணைந்தது என்பதை இது தெளிவுறுத்தும்.

டோல்கீனின் 'ஹாபிட்' 1937இல் வெளிவந்தபோது நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. கதையிலுள்ள வரைபடத்தில் நிலவொளி பின்னிருந்து படும்போது மட்டும் தோன்றும் எழுத்துகள் உண்டு. அவற்றைத் தாளின் பின்புறத்தில் அச்சிட்டு, ஒளியில் பிடித்தால் மட்டும் தெரியுமாறு செய்ய ஆசிரியர் விரும்பினார். நூலில் அது நிறைவேறவில்லை. வரைபடம் அட்டையின் உட்புறத் தாளாக அமைந்து, எழுத்துகள் முன்புறத்திலேயே வந்தன. அன்று அச்சால் இயலாதது இன்று திரையில் எளிது. எனினும் மறைபொருளை வைக்குமிடம் கதையே கோரும் இடமாயிருத்தல் வேண்டும். நாவலில் அவ்வெழுத்துகள் மறைந்திருப்பதற்குக் கதைக்காரணம் உண்டு. கட்டுரையின் ஆசிரியர் பெயரையும் வெளியான ஆண்டையும் மறைப்பதற்கு அத்தகு காரணம் எதுவுமில்லை.

ஒப்பனையின் ஊறு

இதுகாறும் கண்டவை அடிக்கருத்து அமைப்பாக மாறிய நிலைகள். அடிக்கருத்து ஒப்பனையாக மட்டும் நின்றுவிடும் நிலையே இணையப் பக்கங்களில் மிகுதி. பழுப்புச் சுவடியைப் பின்னணியாக்கி அதன்மேல் பழுப்பு எழுத்தை வைத்தல், பக்கத்தின் இருபுறமும் கோட்டைத் தூண்களை நிறுத்தி உரையை ஒடுக்குதல், தலைப்புகளைச் சித்திர எழுத்தாக்குதல் ஆகியன அதன் அடையாளங்கள்.

தமிழுக்கு இவற்றால் நேரும் ஊறு தனித்தன்மையுடையது. தமிழ்ச் சொற்கள் விகுதியும் வேற்றுமையும் புணர்ந்து நீள்வன. ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சீராக நிறுத்தினால் சொற்களுக்கிடையே பெரும் வெளிகள் தோன்றும். புள்ளியும் கொம்பும் விசிறியும் மயங்கும் எழுத்துருவில் மெய்யும் உயிர்மெய்யும் வேறுபாடிழக்கும். சித்திர எழுத்துக்காக உரையையே படமாக மாற்றிவிடுவது இவற்றினும் பெருங்கேடு. படமான தமிழைத் தேடுபொறி எளிதில் காணாது. பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதைப் படிக்காது. ஆய்வாளர் சொல்லடைவு செய்ய இயலாது. ஒருங்குறி எழுத்துருக்கள் பலவும் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில் இதற்கு நியாயம் இல்லை.

எதிர்முனையும் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை எளிய உரைவடிவில் வழங்கி உலகெங்குமுள்ள ஆய்வாளர்க்கு ஆற்றிய தொண்டு அளப்பரியது. பெரிய எழுத்துக் கதைகளையும் அவ்வாறு வழங்கலாம் எனக் கருதுவோர் இருப்பர். சங்கப் பாடலுக்குப் பொருந்தும் எளிய வரிசை, கதைக்குள் கதை அடங்கிய நூலுக்கு முழுதும் பொருந்துவதில்லை. அடுக்குகளைக் காட்டும் குறிகள் நீங்கினால், யார் சொல்லும் கதை இது என்பதை அறிய வாசகர் பல பக்கங்கள் பின்னோக்கிச் செல்ல நேரும்.

2012 டிசம்பரில் தி நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' என்னும் கட்டுரை இவ்விரு முனைகளுக்கிடையே ஒரு வழியை முயன்றது. வாஷிங்டன் மாநில மலைப்பகுதியில் நேர்ந்த பனிச்சரிவைப் பற்றிய அது ஆறு பகுதிகளால் ஆயது. அசையும் நிலவரைபடமும் ஒளிக்காட்சியும் உரையோடு இணைந்து வந்தன. அது மிகுபுனைவு அன்று, உண்மை நிகழ்ச்சி. ஆயினும் சாகசக் கதையின் வழிநடை அதில் உண்டு. மலையின் அமைப்பை வாசகர் அறியவேண்டிய இடத்தில் வரைபடம் வந்ததே அதன் சிறப்பு. பொருளோடு இயைபின்றி அசைவை மட்டும் கடன்கொள்ளும் பக்கங்கள் அச்சிறப்பை எய்தா.

விக்கிரமாதித்தன் கதைக்கு ஓர் இணையப் பக்கம்

மேற்கண்ட அளவைகளைக் கொண்டு விக்கிரமாதித்தன் கதையின் மின்பதிப்பு எவ்வாறு அமையலாம் எனக் காண்பது கருதுகோளைச் சோதிக்க உதவும். பொருளடக்கம் 32 படிகளாக அமையலாம். சிம்மாசனத்தின் படம் இல்லாமலும் எண்ணிட்ட பட்டியலே அதைச் செய்யும். ஒவ்வொரு பக்கத்தின் தலைவரியும் சொல்பவர், கேட்பவர், அடுக்கு ஆகியவற்றைக் காட்டவேண்டும். பதுமை சொல்லும் கதைக்கு ஒரு வண்ணமும் வேதாளம் சொல்லும் கதைக்கு மற்றொரு வண்ணமும் பக்கவிளிம்பில் வரலாம். வண்ணம் காண இயலாதார்க்குச் சொல்லிலும் அக்குறிப்பு இருத்தல் வேண்டும். வேதாளம் வினவும் இடத்தில் பக்கம் முடிந்து, அரசனின் விடை அடுத்த பக்கத்தில் தொடங்கலாம். அவ்விடைவெளி வாசகரைத் தீர்ப்பு வழங்கத் தூண்டும். விடைக்குப் பின் முருங்கை மரத்திற்கு, அஃதாவது சட்டகக் கதைக்கு, மீளும் இணைப்பு எப்போதும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். மூல அச்சுநூலின் பக்க எண் உரைக்குள்ளேயே குறிக்கப்படின் மேற்கோள் காட்டுவதும் எளிதாகும்.

இவ்வமைப்பில் பேயும் பூதமும் பக்கத்தின் விளிம்பில் வரையப்படவில்லை. எனினும் மிகுபுனைவின் ஒழுங்கு ஒவ்வோர் உறுப்பிலும் செயற்படுகிறது. இத்தகு நூல்கள் வெறும் உரையாகவோ வெறும் படநகலாகவோ இணையத்தில் ஏற்றப்படும்போது இவ்வொழுங்கே முதலில் அழிகிறது. அழிந்ததைப் பின்வரும் ஆய்வாளர் உணர்வதற்கும் வழியிராது. அம்புலிமாமா 2007இல் மும்பை நிறுவனமொன்றின் கைக்கு மாறி, பின்னர் வெளிவராது நின்றது. அதன் இணையதளமும் செயலிழந்தது. பக்கத்தின் வடிவம் உரையைப்போன்றே காக்கப்படவேண்டிய ஆவணம் என்பதை இந்நிகழ்வு வற்புறுத்துகிறது.

முடிவுரை

இந்திரன் அளித்த வரத்தின்படி விக்கிரமாதித்தன் சிம்மாசனத்தில் இருந்து ஆளும் காலம் ஆயிரம் ஆண்டு. ஆறு மாதம் நாட்டிலும் ஆறு மாதம் காட்டிலும் வாழ்ந்தால் அது இரட்டிக்கும் என்பது அமைச்சன் பட்டியின் சூழ்ச்சி. காடாறு மாதம், நாடாறு மாதம் என மக்கள் வழங்கும் இவ்வொழுங்கு இணைய இதழ்ப் பக்கத்திற்கும் பொருந்தும். காடு என்பது தேடலுக்கும் வியப்புக்கும் உரிய இடம்; நாடு என்பது பெயர், ஆண்டு, வரிசை, மீளும் வழி ஆகியன நிலைபெற்ற இடம். காடு மட்டும் உள்ள பக்கத்தில் வாசகர் தொலைகிறார். நாடு மட்டும் உள்ள பக்கத்தில் கதை தொலைகிறது. எப்பகுதி காடு, எப்பகுதி நாடு எனப் பிரித்துக் காட்டுதல் உரையை அறிந்தார்க்கே இயலும். எனவே மின்பதிப்புகளின் பக்க அமைப்பில் தமிழாய்வாளர் தொடக்கநிலையிலேயே பங்குகொள்வதும், வெளிவரும் மின்பதிப்புகளை மதிப்பிடுங்கால் பாடத்தோடு பக்கத்தையும் திறனாய்வுக்கு உட்படுத்துவதும் இன்றியமையாதனவாகும்.